தினமும் ஓட்டும் 4×4 வண்டி: லிஃப்ட் கிட் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

ஒரே மாடல் வண்டி, ஒரே இரண்டு அங்குல லிஃப்ட், அதாவது வண்டியின் உடலைத் தரையிலிருந்து உயர்த்தும் மாற்றம். ஒருவர் "இப்போதுதான் வண்டி வண்டியாக இருக்கிறது" என்கிறார். இன்னொருவர், 90 கி.மீ. வேகத்தைத் தொட்டாலே ஸ்டீயரிங் அலைபாய்கிறது, மழையில் பிரேக் மிதிக்கப் பயமாக இருக்கிறது என்கிறார். யாரை நம்புவது என்று கேட்பவருக்குக் குழப்பம். இருவருமே உண்மையைச் சொல்லக்கூடும். முதலாமவர் வாரக் கடைசியில் மட்டும் வண்டியை எடுப்பவராக இருக்கலாம். அல்லது லிஃப்டோடு சேர்த்து மாற்றியே ஆக வேண்டிய சில்லறைச் சாமான்களையும் மாற்றியிருக்கலாம்.

காட்டுப் பாதைக்கென்றே தனி வண்டி வைத்திருப்பவரின் கணக்கு வேறு. இங்கே பேசுவது, வாரம் முழுக்க அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் கடைக்கும் போய்வரும் வண்டியைப் பற்றி. அப்படிப்பட்ட வண்டியில் மண்ணுக்காகச் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் தார்ச்சாலையிலிருந்து எதையாவது பிடுங்கிக்கொள்ளும்: பிரேக் தூரம், எரிபொருள், நிலைத்தன்மை, அமைதி, சுமைதாங்கும் திறன். சாலையிலிருந்து குறைவாகப் பிடுங்கி மண்ணுக்கு அதிகம் கொடுக்கும் மாற்றத்தைத்தான் முதலில் செய்ய வேண்டும். இந்த வரிசைப்படி பார்த்தால் லிஃப்ட் கிட் ஏறக்குறைய கடைசியில் வந்து நிற்கிறது.

வண்டி ஏன் சிக்கிக்கொள்கிறது?

காட்டுப் பாதையில் வண்டி நின்றுபோவதற்குக் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று.

1. டயருக்குப் பிடி கிடைக்கவில்லை. மணல், சேறு, ஈரப்புல், உருளும் சரளை.

2. வண்டியின் வயிறோ மூக்கோ வாலோ தரையில் இடிக்கிறது.

3. ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்குகிறது.

மூன்றாவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வளைவில் உள்சக்கரத்தைவிட வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். அதற்கு வழிவிடுவதுதான் ஆக்சிலின் நடுவே இருக்கும் டிஃபரன்ஷியல். சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் அனுப்பும். ஒரு சக்கரம் காற்றில் தொங்கினால் அதைச் சுழற்ற விசையே தேவையில்லை. ஆகவே தரையில் ஊன்றி நிற்கும் மறுசக்கரத்துக்கும் அதே "ஒன்றுமில்லை"தான் போய்ச் சேரும். ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் தொங்கும் சக்கரம் மட்டும் விர்ரென்று சுற்றும். முன்னே ஒன்று, பின்னே ஒன்று என்று குறுக்குமூலையில் இரண்டு சக்கரங்கள் பிடி இழந்தால், "நான்கு சக்கர இயக்கம்" என்று பின்கதவில் ஒட்டியிருந்தும் வண்டி நகராது.

இன்னொரு அடிப்படை, டிரான்ஸ்ஃபர் கேஸ்: கியர்பாக்ஸிலிருந்து வரும் விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துக்கொடுக்கும் பெட்டி. வேண்டும்போது மட்டும் நான்கு சக்கரத்தையும் இயக்கும் பார்ட்டைம் 4×4 வண்டியில் லீவரைப் போட்டதும் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். மண்ணில் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த இறுக்கத்தை விட்டுக்கொடுத்துவிடும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க இடமில்லாததால் இறுக்கம் கியருக்குள்ளேயே முறுக்கேறும். அங்கே 4எச்-இல் (நான்கு சக்கர இயக்கத்தின் சாதாரண வேக நிலை) ஓட்டக்கூடாது என்பது இதனால்தான். லோ ரேஞ்ச் என்பது வேகத்தைக் குறைத்து விசையைப் பெருக்கும் கூடுதல் கியர். முதல் கியர் விகிதம் 4, லோ ரேஞ்ச் 2.5, ஆக்சில் விகிதம் 4 என்றால் மூன்றையும் பெருக்கி வரும் 40தான் அந்த வண்டியின் ஊர்ந்தேறும் விகிதம். இந்த எண் பெரிதாக இருந்தால் பாறையில் நத்தை வேகத்தில், பிரேக்கைத் தொடாமல் இறங்கலாம்.

செலவில்லாத முதல் மாற்றம்: காற்று

சாலையில் 32 முதல் 35 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைத்து ஓடும் டயரை, கரடுமுரடான சரளைப் பாதையில் 25-க்கும் மணலில் 18-க்கும் இறக்கினால் அது வேறு டயர் ஆகிவிடுகிறது. தரையைத் தொடும் தடம் அகலத்தில் கொஞ்சமும் நீளத்தில் நிறையவும் விரியும். கூரான கல்லை எதிர்த்து விறைப்பாக நிற்காமல், டயர் அதன்மேல் படிந்து சுருண்டு கடக்கும். மணலைத் தோண்டிப் புதைவதற்குப் பதில் மேலாகவே போகும். உள்ளே உட்கார்ந்திருப்பவரின் முதுகுக்கும் இது நல்லது.

அழுத்தத்தைக் குறைத்தபின் வேகமும் குறைய வேண்டும், வெடுக்கென்று திருப்பவும் கூடாது. 15-க்கும் கீழே போனால் பக்கவாட்டு விசையில் டயரின் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் ஆபத்து உண்டு. சாலைக்குத் திரும்பும் இடத்திலேயே காற்றை ஏற்றிவிட வேண்டும்; 18 பிஎஸ்ஐ-யில் நெடுஞ்சாலை வேகம் பிடித்தால் பக்கச்சுவர் சூடேறிக் கிழியும். ஆகவே துல்லியமான ஓர் அழுத்தமானியும் பேட்டரியில் மாட்டும் ஒரு கம்ப்ரசரும்தான் எந்த 4×4-க்கும் வாங்க வேண்டிய முதல் சாமான்கள். சாலை ஓட்டத்திலிருந்து அவை எதையும் பிடுங்குவதில்லை.

டயர்: பக்கச்சுவரில் எழுதியிருக்கும் கணக்கு

265/65 ஆர்17 என்றால் அகலம் 265 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 17 அங்குலம். மொத்த விட்டம் சுமார் 776 மி.மீ. இதைக் கழற்றிவிட்டு 285/70 ஆர்17 மாட்டினால் விட்டம் 831 மி.மீ. ஆகும், அதாவது 7 சதவீதம் கூடுதல். அந்த 7 சதவீதம் எங்கெல்லாம் போய் நிற்கிறது என்று பாருங்கள்.

1. தரை இடைவெளி 27 மி.மீ. கூடும். விட்டத்தில் கூடிய 55-இல் பாதிதான் அச்சுக்குக் கீழே வருகிறது.

2. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி 107-இல் போகும். ஓடோமீட்டரும் அதே அளவு குறைத்துக் காட்டும். "டயர் மாற்றியதும் மைலேஜ் பாதாளத்துக்குப் போய்விட்டது" என்ற புலம்பலில் ஒரு பகுதி இந்தக் கணக்குப் பிழைதான்.

3. கியர் எல்லாம் 7 சதவீதம் 'உயரமாகிவிடும்', அதாவது வேகம் கூடி இழுவிசை குறையும். 40 இருந்த ஊர்ந்தேறும் விகிதம் 37.4 ஆக இறங்கும்.

4. பிரேக் அதே பிரேக். அது நிறுத்த வேண்டிய சக்கரமோ பெரிது, கனமானது.

5. ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தால் டயர் உட்பக்கம் உரசலாம். நேரே நிற்கும்போது உரசாத டயர், ஸ்பிரிங் அமுங்கித் திரும்பும்போது உரசும். வாங்குமுன் பார்க்க வேண்டிய நிலை அதுதான்.

தினசரி வண்டிக்கு என் பரிந்துரை கம்பெனி அளவு, அல்லது அதைவிட ஒரு படி மட்டும் பெரிது. வகை, தார்ச்சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவான ஆல் டெரெய்ன். மட் டெரெய்ன் டயரின் பெரிய கட்டைகள் சேற்றை உதறித் தள்ளுவதில் கெட்டி. ஆனால் ஈரத் தார்ச்சாலையில் தரையைத் தொடும் ரப்பர் குறைவு, பிரேக் தூரம் நீளும், 80-ஐத் தாண்டினால் தேனீக்கூடு போல ஓர் இரைச்சல் காதிலேயே இருக்கும். வருஷத்தில் பத்து நாள் சேற்றுக்காக மீதி நாளெல்லாம் அதைக் கேட்டுக்கொண்டிருப்பது வீண் தண்டனை. பக்கச்சுவர் தடித்த எல்டி (லைட் டிரக்) வகை டயர் கல்லுக்குத் தாங்கும் என்றாலும், அதே சுமையைத் தாங்க அதற்கு வழக்கத்தைவிடக் கூடுதல் காற்று வேண்டும்; கதவோரம் ஒட்டியிருக்கும் அழுத்த அட்டவணை அந்த டயருக்குப் பொருந்தாது.

சிக்கினால் வெளியே எடுக்க

கயிற்றை எங்கே மாட்டுவது? முன்பம்பருக்குக் கீழே இருக்கும் வளையங்கள் பலவும் கப்பலிலோ டிரக்கிலோ ஏற்றும்போது வண்டியைக் கட்டிவைப்பதற்கானவை. சேற்றில் புதைந்த வண்டியை இழுக்கும் விசைக்கு அவை பிய்த்துக்கொண்டு வரும். சேஸிஸில் போல்ட் போட்டு முடுக்கிய, தாங்கும் எடை பொறித்த மீட்புக் கொக்கி முன்னும் பின்னும் இருக்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் சமரசமே கூடாது. டிரெய்லர் மாட்டும் உருண்டையில் நீளும் மீட்புக் கயிற்றை மாட்டி வெடுக்கென்று இழுக்கவே கூடாது. அந்த உருண்டை சீராக இழுப்பதற்குச் செய்தது. திடீர் அதிர்வில் கழுத்து முறிந்தால், இழுபட்ட ரப்பர் வில்லிலிருந்து புறப்படும் கல் போலப் பறக்கும். இதனால் உயிர்போன விபத்துகள் உண்டு.

வின்ச் (வண்டியின் முன்னே பொருத்தி, கயிற்றைச் சுருட்டி வண்டியை இழுக்கும் கருவி) தேவையா என்பது தனியாகப் போகிறீர்களா, கூட்டமாகவா என்பதைப் பொறுத்தது. கூட இன்னொரு வண்டி வந்தால் கயிறும் ஒரு மண்வெட்டியும் சக்கரத்துக்கு அடியில் வைக்கும் இரண்டு மீட்புப் பலகைகளும் போதும். வாங்குவதானால், முழுச்சுமையோடு வண்டி எவ்வளவு எடையோ அதில் ஒன்றரை மடங்கு இழுக்கும் திறன் வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் எண், உருளையில் அடியடுக்குக் கயிறு மட்டும் மிச்சமிருக்கும்போது கிடைக்கும் விசை. மேலே அடுக்கடுக்காகக் கயிறு சுற்றியிருந்தால் இழுவை குறையும்.

லிஃப்ட்: உயர்த்துவது எதை, உயராதது எது

சஸ்பென்ஷன் லிஃப்ட் போட்டால் வண்டியின் உடலும் சேஸிஸும் உயரும். இரு பக்கச் சக்கரங்களையும் ஒரே தண்டு இணைக்கும் முழு ஆக்சில் உள்ள வண்டியில் தரைக்கு மிக அருகே இருப்பது டிஃபரன்ஷியல் உருண்டை. அது ஆக்சிலோடு சேர்ந்தது, ஆக்சில் டயரின் மேல் உட்கார்ந்திருக்கிறது. எத்தனை அங்குலம் லிஃப்ட் போட்டாலும் அந்த உருண்டை ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. அதை உயர்த்துவது டயர் மட்டுமே. தனித்தனி முன் சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் முன் டிஃபரன்ஷியல் சேஸிஸில் தொங்குவதால் அது உயரும்.

லிஃப்ட் தரும் உண்மையான லாபம் கோணங்கள். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே 2,600 மி.மீ. தூரமும் வயிற்றுக்குக் கீழே 220 மி.மீ. இடைவெளியும் உள்ள வண்டி, மேட்டின் உச்சியில் வயிறு தட்டாமல் கடக்கும் கோணம் சுமார் 19 பாகை. 50 மி.மீ. உயர்த்தினால் அது 23.5 ஆகும். மேடேறும்போது மூக்கு இடிப்பதும் இறங்கும்போது வால் இடிப்பதும் அதேபோலக் குறையும். லாபம் இதுதான், நிஜமான லாபம்தான். பதிலுக்குப் போவது என்ன?

1. காஸ்டர் கோணம். முன்சக்கரம் எந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறதோ அதன் பின்சாய்வு இது; சக்கரம் தானாக நேரே திரும்பி வருவது இந்தச் சாய்வினால். முழு ஆக்சிலும், அதைச் சேஸிஸோடு இணைக்கும் ரேடியஸ் ஆர்மும் உள்ள வண்டியில், ஆர்மின் நீளம் 900 மி.மீ. என்று வைத்தால், 50 மி.மீ. லிஃப்ட் ஆக்சிலை ஏறத்தாழ 3 பாகை முன்னோக்கிச் சுழற்றிவிடும். கம்பெனி கொடுத்த காஸ்டரே 3, 4 பாகைதான். அதாவது கிட்டத்தட்ட முழுதும் போயிற்று. கட்டுரையின் தொடக்கத்தில் ஸ்டீயரிங் அலைபாய்கிறது என்றவரின் வியாதி பெரும்பாலும் இதுவே. காஸ்டர் திருத்தும் புஷ்ஷோ ஆர்மோ லிஃப்டோடு சேர்த்தே போட வேண்டியது. "முதலில் ஓட்டிப் பாருங்கள், தேவைப்பட்டால் பிறகு போடலாம்" என்று சொல்லும் பட்டறையை விட்டு விலகிவிடலாம்.

2. ஆக்சில் பக்கவாட்டில் நகர்தல். ஆக்சிலைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பன்ஹார்ட் கம்பி சாய்வதால் ஆக்சில் சில மில்லிமீட்டர் ஒரு பக்கமாக இழுபடும். நீளம் மாற்றக்கூடிய கம்பி அதைத் திருத்தும்.

3. கீழ்நோக்கிய அசைவு குறைதல். தனித்தனி சஸ்பென்ஷனில் சக்கரத்தின் மொத்த அசைவு 200 மி.மீ., நிற்கும்போது மேலே 100, கீழே 100 என்று வைப்போம். ஷாக் அப்சார்பரை மாற்றாமல் ஸ்பேசர் என்னும் இடைக்கட்டை வைத்து 50 உயர்த்தினால் கீழே 50தான் மிச்சம். பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது ஷாக் முழுதாக நீண்டு "டக்" என்று தட்டும், சக்கரம் சீக்கிரமே அந்தரத்துக்குப் போகும். பிடிக்காகப் போட்ட லிஃப்ட் பிடியையே தின்றுவிடும் வேடிக்கை இங்கே நடக்கிறது.

4. சிவி ஜாயின்ட் (சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்டின் மூட்டு) கோணம். டிரைவ் ஷாஃப்ட் எப்போதும் அதிகமாகச் சாய்ந்தே சுழல்வதால் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் சிதறும். சக்கரத்தின் உட்பக்கம் கருப்பாகத் தெளித்த கோலம் தெரிந்தால் அதுதான்.

5. புவியீர்ப்பு மையம். இரண்டு சக்கரங்களுக்கும் நடுவிலான அகலத்தில் பாதியை, மையத்தின் உயரத்தால் வகுத்தால் வருவது நிலைத்தன்மை எண். அகலம் 1.5 மீட்டர், மையம் 0.70 மீட்டர் என்றால் 1.07. மையம் 50 மி.மீ. ஏறினால் 1.00. திடீரென நாய் குறுக்கே வந்து ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போதுதான் இந்த 0.07-இன் விலை தெரியும்.

6. மீதிச் சில்லறை: பிரேக் ஹோஸ் நீளம், ஹெட்லைட் கோணம், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேமரா, முன்கிரில்லில் உள்ள ரேடார். தானாகப் பிரேக் பிடிக்கும் வண்டி என்றால் கேமராவையும் ரேடாரையும் மீண்டும் அளவீடு செய்ய வேண்டும். எதிரே வருபவரின் கண்ணில் வெளிச்சத்தைக் குத்திக்கொண்டு ஓடும் உயர்த்திய வண்டிகளுக்குப் பஞ்சமே இல்லை.

உயரத்தைவிட ஸ்பிரிங்கின் விறைப்பு முக்கியம். "300 கிலோ நிலைச்சுமைக்கு" என்று விற்கும் பின் ஸ்பிரிங்கைக் காலி வண்டியில் போட்டால் வேகத்தடையில் வால் குதிக்கும். என்றும் ஏற்றிவைத்திருக்கும் சுமை எவ்வளவு என்று எடைமேடையில் நிறுத்திப் பார்த்துவிட்டு வாங்குவதே சரி.

எடை: கண்ணுக்குத் தெரியாத எல்லை

கம்பெனி அனுமதிக்கும் மொத்த எடையிலிருந்து வண்டியின் எடையைக் கழித்தால் வருவது சுமை அளவு. 550 கிலோ என்று எடுத்துக்கொள்வோம். ஆள் ஒன்றுக்கு 75 வீதம் நால்வருக்கு 300. இரும்பு முன்பம்பர் 50, வின்ச் 35, அடிக்கவசம் 40, பக்கவாட்டு ஸ்லைடர் ஜோடி 40, கூரைத் தட்டு 30, இரண்டாவது பேட்டரி 25. ஆகமொத்தம் 520. கனமான டயர் ஒன்றுக்கு 6 கிலோ கூடினால் ஸ்டெப்னியோடு ஐந்துக்கு 30. கணக்கு முடிந்தது. தண்ணீர், சமையல் சாமான், கூடாரம், கருவிப்பெட்டி எதுவும் இன்னும் ஏறவில்லை.

எடை எங்கே உட்காருகிறது என்பதும் பெரிய விஷயம். மேலே நிலைத்தன்மைக் கணக்கில் சொன்ன, மையம் 0.70 மீட்டரில் உள்ள வண்டியின் எடை 2,000 கிலோ என்றால், 1.9 மீட்டர் உயரக் கூரையில் 50 கிலோ ஏற்றினால் மையம் 29 மி.மீ. உயரும். லிஃப்டே போடாமல், 50 மி.மீ. லிஃப்டின் பாதிக்கும் மேலான நிலைத்தன்மை நஷ்டம். கூரையில் தண்ணீர் கேனும் ஸ்டெப்னியும் கட்டி அழகு பார்ப்பவர்கள் இதை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

அடிக்கவசமும் தண்ணீரும்

அடிக்கவசம் எந்த வரிசையில்? எஞ்சின் ஆயில் தொட்டி, கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், எரிபொருள் டாங்க். இரும்பு கனம், ஆனால் பாறைமேல் வழுக்கிப் போகும். அலுமினியம் லேசு, ஆனால் பாறை அதில் பள்ளம் பறித்து மாட்டிக்கொள்ளும். கதவுக்குக் கீழே போடும் ஸ்லைடர் சேஸிஸில் பொருத்தியதாக இருக்க வேண்டும். ஜாக்கி வைத்தால் நசுங்கும் படிக்கட்டு வெறும் அலங்காரம்.

தண்ணீர் விஷயத்தில் எல்லோரும் ஸ்னார்க்கலைப் பற்றியே பேசுகிறார்கள். எஞ்சின் காற்றோடு தண்ணீரைக் குடித்தால், அமுங்காத தண்ணீர் பிஸ்டனை நிறுத்தி கனெக்டிங் ராடை வளைத்துவிடும். அதைத் தடுக்க உயரமான காற்றுக்குழாய் உதவும். ஆனால் மாட்டிய ஸ்னார்க்கலின் இணைப்புகளும் ஏர் ஃபில்டர் பெட்டியும் கசிவில்லாமல் அடைபட்டிருந்தால்தான் பலன். கம்பெனி சொன்ன ஆழத்தைத் தாண்டினால் கதவு வழியே மின்கம்பிக்குள் தண்ணீர் புகுவதை அது தடுக்காது.

அதைவிடக் குறைந்த செலவில் அதிகப் பயன் தருவது ஆக்சில் பிரீதர் குழாய். ஓடிச் சூடான ஆக்சில் குளிர்ந்த ஓடைக்குள் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். சுருங்கியதும் காற்றை உறிஞ்சும். ஆக்சில் மேலுள்ள சிறு மூச்சுத்துளை தண்ணீருக்குள் இருந்தால், உறிஞ்சுவது தண்ணீரை. அந்தத் துளையில் ஒரு ரப்பர் குழாய் மாட்டி எஞ்சின் அறையின் உச்சிவரை கொண்டுபோய்விட்டால் வேலை முடிந்தது. குழாய் இல்லாமல் ஓடை கடந்திருந்தால் டிஃபரன்ஷியல் நிரப்பு போல்ட்டைக் கழற்றி விரலை விட்டுப் பாருங்கள்: தேன் நிறத்தில் வழிய வேண்டிய ஆயில், பால் விட்ட காபி மாதிரி வந்தால் உள்ளே தண்ணீர். அன்றே மாற்ற வேண்டும்.

லாக்கரும் கியர் விகிதமும்

டிஃபரன்ஷியலைப் பூட்டிவிடும் லாக்கர், அந்தரத்தில் தொங்கும் சக்கரப் பிரச்சினைக்கு முழுத்தீர்வு. ஆனால் இன்றைய வண்டிகள் பலவற்றில் சுழலும் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் பிடித்து மறுபக்கத்துக்கு விசையைத் தள்ளும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் இருக்கிறது. அது வேலை செய்ய ஓரிரு நொடி ஆக்சிலேட்டரைச் சீராகப் பிடித்திருக்க வேண்டும். சக்கரம் சுற்றியதும் பதறிக் காலை எடுப்பவர் அதற்கு வாய்ப்பே தருவதில்லை. முதலில் இதைப் பழகிவிட்டு, பிறகும் போதவில்லை என்றால் பின் ஆக்சிலுக்கு, வேண்டும்போது மட்டும் பூட்டும் வகை லாக்கர். முன்னும் பின்னும் ஆக்சில் விகிதம் மாற்றுவது டயர் விட்டம் 10 சதவீதத்துக்கு மேல் கூடியவர்களின் கவலை. இரண்டு ஆக்சிலிலும் ஒரே விகிதம் இருந்தாக வேண்டும் என்பதால் செலவும் இரட்டை.

மாற்றிய பிறகு

எந்த மாற்றத்துக்கு அனுமதி வேண்டும் என்பது இடத்துக்கு இடம் மாறும். பொருத்துமுன் பதிவு விதியைப் பார்த்துவிட்டு, காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுவது நல்லது. ஏர்பேக் உள்ள வண்டியில் முன்பம்பரை மாற்றினால், அந்த மாடலின் ஏர்பேக்கோடு சோதித்த பம்பர்தானா என்று கேட்பது அவசியம்.

புதிதாகப் போட்டவை முதல் சில நூறு கிலோமீட்டரில் அமர்ந்து இளகும். 50 முதல் 100 கி.மீ.க்குள் வீல் நட்டுகளையும், லீஃப் ஸ்பிரிங் வண்டியானால் யு-போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்சால் மீண்டும் முடுக்க வேண்டும். முடுக்கியதும் நட்டிலிருந்து பக்கத்து இரும்பின்மேல் வரை வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். அடுத்த பயணம் முடிந்து சேற்றைக் கழுவியபின் டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தால் போதும். கோடு இரண்டாக உடைந்து விலகியிருந்தால் அந்த நட்டு இளகிவிட்டது.